கல்லைச் சுட்டு எண்ணெய் எடுத்தவர்கள்



ஷேல் என்றதுமே அமெரிக்கர்கள் நிலத்தடிப் பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் பிளந்து எடுக்கும் எண்ணெய்தான் உங்களில் பலருக்கு நினைவு வந்திருக்கும். இன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல. அந்தப் பாறைக்குள் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது. வெளியே வர வழி இல்லை, அவ்வளவுதான். நான் சொல்லப்போகும் எண்ணெய் ஷேல் பாறையில் எண்ணெயே கிடையாது. அதைப் பிழியலாம், இடிக்கலாம், பென்சீனில் ஊறப்போடலாம், எண்ணெய் என்று சொல்லத்தக்க எதுவும் வராது. உள்ளே இருப்பது கெரோஜென் என்கிற திடப்பொருள். பழைய ஏரிகளிலும் கடல்களிலும் வாழ்ந்து மடிந்த பாசிகள் சேற்றோடு புதைந்து இறுகிய மிச்சம் அது. பூமி அதை இன்னும் ஆழத்துக்கு இறக்கிச் சில கோடி ஆண்டுகள் சூடாக்கியிருந்தால் தானாகவே பெட்ரோலியம் ஆகியிருக்கும். பூமி பாதியில் விட்ட அந்த வேலையை மனிதன் ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்த்ததுதான் இந்தக் கதை.

காற்றுப் படாமல் சூடாக்கினால் 350 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெரோஜென் உடையத் தொடங்கும். 450, 500 டிகிரியில் வேகமாக உடையும். எண்ணெய் ஆவியும் எரிவாயுவும் பிரிந்து வரும். கல்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கரி தங்கும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். காற்று நுழைந்துவிட்டால் எல்லாமே எரிந்து போகும். இதற்கான பாத்திரத்துக்குத்தான் ரிட்டார்ட் என்று பெயர். நம் மருத்துவர்கள் வாலை என்பார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இது பிள்ளை விளையாட்டு. ஃபிஷர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. நூறு கிராம் பொடித்த கல்லைச் சிறிய அலுமினியப் பாத்திரத்தில் போட்டு 500 டிகிரிக்குச் சூடாக்கி, வரும் எண்ணெயை அளப்பார்கள். உலகம் முழுவதும் ஷேலின் தரத்தை இந்தச் சோதனையை வைத்துத்தான் சொல்கிறார்கள். நூறு கிராமில் எண்ணெய் வருகிறதே, நூறு டன்னில் வராதா என்று நினைத்த எத்தனையோ பணக்காரர்கள் ஏழையாகியிருக்கிறார்கள். வேதியியல் அவர்களைக் கைவிடவில்லை. கல்லுக்குள் சூட்டை எப்படிச் செலுத்துவது, சுட்ட கல்லை எங்கே கொட்டுவது என்ற இரண்டு கேள்விகளில்தான் அவர்கள் விழுந்தார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

ஐரோப்பாவுக்குப் போவதற்கு முன் நம் குழித்தைலத்தைப் பார்த்துவிடுவோம். சித்த மருத்துவர்கள் சேராங்கொட்டையிலிருந்தும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் தைலம் இறக்கும் முறை அது. அடியில் துளையிட்ட மண்பானையில் சரக்கைப் போட்டு, வாயை மூடி, மண் பூசிய துணியால் சீலைமண் செய்வார்கள். தரையில் குழி தோண்டி அதில் ஒரு பாத்திரம் வைத்து, அதன்மேல் பானையை இருத்துவார்கள். பானையைச் சுற்றி வறட்டி அடுக்கித் தீ மூட்டினால், மேலே போக வழியில்லாத ஆவி கீழே இறங்கும். குழியின் குளிர்ச்சியில் தைலமாகச் சொட்டும். படர்தாமரைக்குச் சிரட்டைத் தைலம் தடவிக்கொண்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

இதை நம்மவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த அமைப்பில் ஒரு நல்ல பொறியியல் இருக்கிறது. எண்ணெய் ஆவி பிறந்த இடத்திலேயே சூட்டில் நின்றால் மேலும் மேலும் உடைந்து வெறும் வாயுவும் கரியுமாகிவிடும். பிறந்தவுடன் சூட்டை விட்டு அதை வெளியேற்ற வேண்டும். தீ மேலே, சேகரிப்பது கீழே என்று வைத்தவர்கள் இதை அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். பின்னால் அமெரிக்காவுக்குப் போகும்போது இந்த ஏற்பாட்டை மறுபடி சந்திப்போம், கொஞ்சம் பெரிய அளவில்.

ஐரோப்பியரும் மருந்துக்குத்தான் முதலில் கல்லைச் சுட்டார்கள். ஆஸ்திரியாவின் டைரோல் மலையில் சேஃபெல்ட் என்னும் ஊரில் கிடைத்த கந்தகம் மிகுந்த ஷேலின் எண்ணெயிலிருந்து வந்ததுதான் இக்தமால். காதுக்குள் கொப்புளம் வந்து வலி தாங்காமல் ஓடியவர்களுக்கு டாக்டர் கறுப்பான, நாறும் ஒரு மருந்தில் திரியைத் தோய்த்துக் காதில் வைத்திருப்பார். அது இக்தமால் கிளிசரின். கல்லெண்ணெய் நம் காதுவரை வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1694இல் மூன்று பேர் ஒருவகைக் கல்லிலிருந்து தாரும் எண்ணெயும் எடுப்பதற்கு அரச காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் தொழில் என்று சொல்லத்தக்க ஒன்று பிறக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. அது பெரிதாக வளர்ந்த இடம் ஸ்காட்லாந்து.

ஜேம்ஸ் யங் 1811இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். வேலை செய்துகொண்டே வேதியியல் படித்தார். ஆப்பிரிக்கப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் அந்த நாள் நண்பர். பிற்காலத்தில் லிவிங்ஸ்டனின் பயணங்களுக்குப் பணம் கொடுத்தவர்களில் யங்கும் ஒருவர். அந்தப் பணம் கல்லிலிருந்து வந்தது. 1840களின் இறுதியில் இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் எண்ணெய் கசிவதாகக் கேள்விப்பட்டு அதைச் சுத்திகரித்து விற்றார். கசிவு சீக்கிரமே வற்றியது. இந்த எண்ணெய் நிலக்கரி சூடுபட்டுத்தான் வந்திருக்கும் என்று யூகித்து, நிலக்கரியை மெதுவாக, குறைந்த சூட்டில் வாட்டிப் பார்த்தார். 1850இல் காப்புரிமை, அடுத்த ஆண்டே பாத்கேட் என்ற இடத்தில் ஆலை. ஊர் அவருக்குப் பாரஃபின் யங் என்று பெயர் வைத்தது. விளக்கெரிக்கும் எண்ணெய்க்குத் திமிங்கிலத்தை வேட்டையாடிக்கொண்டிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

அவர் பயன்படுத்திய டார்பனைட் என்ற கனிமம் ஒரு வேடிக்கையான வழக்குக்குக் காரணமானது. டார்பன்ஹில் நிலத்தின் உரிமையாளர்கள் நிலக்கரி எடுத்துக்கொள்ளலாம் என்று குத்தகைக்கு விட்டிருந்தார்கள். எண்ணெயால் அதன் மதிப்பு ஏறியதும், நீங்கள் எடுப்பது நிலக்கரியே அல்ல, குத்தகையில் அது அடங்காது என்று வழக்குப் போட்டார்கள். 1853இல் எடின்பரோவில் விசாரணை. புவியியலாளர்களும் வேதியியலாளர்களும் இரண்டு பக்கமும் அணிவகுத்து நின்று, நிலக்கரிதான் என்றும் இல்லவே இல்லை என்றும் சத்தியம் செய்தார்கள். நிபுணர்கள் முடிவுக்கு வராததை ஜூரிகள் முடித்துவைத்தார்கள்: நிலக்கரிதான். அறிவியல் கேள்வியில் குத்தகைப் பணம் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

யங்கின் காப்புரிமை 1864இல் முடிந்தது. மேற்கு லோதியன் வட்டாரத்தில் புற்றீசல்போல் ஆலைகள் முளைத்தன. டார்பனைட் தீர்ந்துகொண்டே வந்ததால் அதைவிட ஏழைக் கல்லான ஷேலுக்குப் போனார்கள். கல் ஏழையாக ஆக ஆக உலை கெட்டிக்காரனாக வேண்டியிருந்தது. முதலில் படுக்கைவசமான இரும்புக் குழாய்கள்: கல்லைப் போடு, மூடு, சுடு, திற, அள்ளு. ஒவ்வொரு முறையும் உலை ஆறும், சூடு வீணாகும், அள்ளுகிறவன் வேகும். அடுத்து நெட்டுக்குத்தான உலைகள். மேலே கல்லைக் கொட்டினால் தன் எடையிலேயே மெல்ல இறங்கிக்கொண்டு, கீழே சக்கையாக வெளியே வரும். நிறுத்தவே வேண்டாம்.

இந்த வரிசையின் உச்சம் 1890களில் வந்த பம்ஃபர்ஸ்டன் உலை. ஏறத்தாழ பத்து மீட்டர் உயரம். மேல்பகுதி வார்ப்பிரும்பு, கீழ்ப்பகுதி தீச்செங்கல். மேலே மிதமான சூட்டில் எண்ணெய் ஆவி பிரிந்து உச்சிக் குழாய் வழியே போய்விடும். எண்ணெய் இழந்த கல் கீழே இறங்கி இன்னும் கடும் சூட்டைச் சந்திக்கும். அங்கே அடியிலிருந்து நீராவியை ஏற்றுவார்கள். அந்த நீராவி கல்லில் மிஞ்சிய நைட்ரஜனை அமோனியாவாகப் பிடுங்கி வரும். அமோனியாவைக் கந்தக அமிலத்தில் பிடித்தால் அமோனியம் சல்ஃபேட், வயலுக்கு உரம். குளிர்ந்தும் திரவமாகாத வாயுவை வெளியே விடாமல் உலையையே சூடாக்கத் திருப்பிவிட்டார்கள். நன்றாக ஓடும்போது வெளியிலிருந்து நிலக்கரி வாங்குவதே குறைந்தது. ஜார்ஜ் பெய்ல்பி போன்ற வேதியியலாளர்கள் இந்த நீராவி யோசனையைச் செதுக்கியவர்கள்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1859இல் பென்சில்வேனியாவில் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்த நாளிலிருந்தே ஸ்காட்லாந்துத் தொழில் செத்திருக்க வேண்டியது. தரையில் ஓட்டை போட்டால் வரும் எண்ணெயோடு கல்லைச் சுட்டு எடுக்கும் எண்ணெய் விலையில் எப்படிப் போட்டியிடும்? மெழுகுவத்தி மெழுகும் உரமும்தான் அதைக் காப்பாற்றின. 1913இல் முப்பது லட்சம் டன்னுக்கு மேல் ஷேல் வெட்டினார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் காற்றிலிருந்தே அமோனியா செய்யும் ஹேபர்–பாஷ் ஆலை ஓடத் தொடங்கியது. எண்ணெயில் தோற்காத தொழிலுக்கு உரத்தில் அடி விழுந்தது. ஆனாலும் அரசின் வரிச்சலுகையில் சாய்ந்துகொண்டு 1962 வரை மூச்சு ஓடியது.

மிச்சம் என்ன? சிவப்புக் குன்றுகள். சுட்ட ஷேல் செங்கல் நிறமாக வரும். அதைக் கொட்டிய மேடுகளை அங்கே பிங் என்கிறார்கள். மேற்கு கால்டர் அருகே ஐந்து சகோதரிகள் என்று ஐந்து மேடுகள் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். 1970களில் அவற்றை என்ன செய்வது என்று அரசு கேட்டபோது, ஜான் லேதம் என்ற கலைஞர் தொடவே வேண்டாம், இவை நினைவுச் சின்னங்கள் என்றார். இன்று சில மேடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; அரிய செடிகள் வளர்கின்றன. மற்றவற்றை வெட்டிச் சாலைக்கு அடியில் போட்டார்கள்.

இப்போது சூட்டுக்கு வருவோம். கல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். அதோடு கட்டியின் பருமன் இரண்டு மடங்கானால், நடுப்பகுதி சூடேற இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். ஒரு சென்டிமீட்டர் துண்டின் நடு ஒரு நிமிட அளவில் காய்ந்துவிடும் என்றால் பத்து சென்டிமீட்டர் கட்டிக்கு ஒரு மணிக்கு மேல் ஆகும். சரி, பொடியாக்கிவிடலாமே என்பீர்கள். பொடியாக்கினால் உலைக்குள் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். வாயு ஏற வழியிருக்காது. இந்த இழுபறியைத் தீர்க்க எஸ்தோனியா இரண்டு வழிகளையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக் காட்டுகிறது.

பால்டிக் கடலோரத்தின் அந்தச் சிறிய நாட்டில் குக்கர்சைட் என்னும் உயர்தர ஷேல் கிடைக்கிறது. 1916இல் வெட்டத் தொடங்கி இன்றுவரை நிறுத்தவில்லை. கோட்லா-யார்வே நகரத்தின் கிவிட்டர் உலை நெட்டுக்குத்தானது. ஒன்று நாளைக்கு ஆயிரம் டன் தின்னும். வாயுவை எரித்து அந்தச் சூடான எரிபுகையையே கல்லடுக்கின் குறுக்கே செலுத்துவார்கள். சுவர் வழியாகச் சூடு வர வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டியையும் வாயு தானே தேடித் தொடும். ஆனால் கட்டிகள்தான் வேண்டும், பொடி ஆகாது. சுரங்கத்தில் வெட்டும்போது விழும் பொடியெல்லாம் மின்நிலையத்துக்குப் போகும். வெளியே வரும் சக்கையில் எரியாத கரி தங்கிவிடும். பல ஆண்டுகள் அதைக் கொட்டிக் கொட்டி எழுந்தவைதான் அந்த நாட்டின் சாம்பல் மலைகள். கிவியோலி ஊரின் மலையில் இப்போது பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள்.

இரண்டாவது வழி கலோட்டர். இஸ்ரேல் கலின்கர் என்ற பொறியாளர் 1940களில் தொடங்கிய வேலை. பொடித்த ஷேலை உலர்த்தி, 800 டிகிரியில் தகிக்கும் சாம்பலோடு கலந்து, சுழலும் உருளைக்குள் விடுவார்கள். நம் ஊரில் மணலைக் காயவைத்துக் கடலை வறுப்பார்களே, அதே சூத்திரம்: சூட்டைச் சுமப்பது தீ அல்ல, திடப்பொருள். உருளைக்குள் கலவை 500 டிகிரிக்கு வந்து, சில நிமிடங்களில் எண்ணெய் ஆவி பிரிந்துவிடும். கரி ஒட்டிய சக்கையை வேறொரு உலையில் எரித்து மறுபடி சூடான சாம்பலாக்கி, ஒரு பங்கைத் திருப்பி உருளைக்கே அனுப்புவார்கள். எண்ணெயை எரித்துச் சூடு வாங்க வேண்டாம். கல்லின் கரியே தன் உலைக்கு விறகு. வாயுவும் எரிபுகையோடு கலக்காமல் அடர்த்தியாகக் கிடைக்கும். 1980இல் நார்வாவில் நாளைக்கு மூவாயிரம் டன் திறனுள்ள உலைகள் வந்தன. 2012இல் ஓடத் தொடங்கிய எனெஃபிட் ஆலையின் வடிவ அளவு மணிக்கு 280 டன்.

காகிதத்தில் இது அழகு. தொழிற்சாலையில் இதன் எதிரி தூசி. மாவான சாம்பல் ஆவியோடு பறந்து குழாயில் அப்பும், குளிர்விப்பானில் சேறாகும், கன எண்ணெயில் கலந்து தரத்தைக் கெடுக்கும். ஆவியைச் சுழற்றித் தூசியை உதறும் சைக்ளோன்களை வரிசையாக வைத்துப் பிரித்தும் முழுக்கப் போகாது. என்னைக் கேட்டால், ஓடும் உலைகளில் அறிவுக்கூர்மையானது கலோட்டர்தான்; நிம்மதியாகத் தூங்க ஆசைப்படும் ஆலை மேலாளர் கிவிட்டரைத்தான் கேட்பார். பிரேசிலில் சாவ் மாட்டியுஸ் டோ சுல் ஊரில் பெட்ரோப்ராஸ் கட்டிய பெட்ரோசிக்ஸ் உலையும் சூடான வாயு வழியைத்தான் பிடித்தது. அதன் விட்டம் 11 மீட்டர்.

அமெரிக்கர்களிடம் கல்லும் இருந்தது, பணமும் இருந்தது. கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களின் கிரீன் ரிவர் பாறைப் படிவம்போல் பெரிய எண்ணெய் ஷேல் இருப்பு உலகில் வேறெங்கும் இல்லை. டாஸ்கோ நிறுவனம் சாம்பலுக்குப் பதில் பீங்கான் குண்டுகளைச் சூடாக்கிக் கல்லோடு உருட்டியது. யூனியன் ஆயில் செய்தது இன்னும் விசித்திரம். கல்லைக் கீழிருந்து மேலே தள்ளும் ஒரு பம்பு! பிஸ்டன் கல்லை மேல்நோக்கி நெட்ட, சூடான வாயு மேலிருந்து கீழே இறங்கும். மேலே பிரிந்த எண்ணெய் ஆவி, கீழே அப்போதுதான் நுழைந்த குளிர்ந்த கல்லில் பட்டு வடிந்து அடியில் சேரும். தீ மேலே, எண்ணெய் கீழே. குழித்தைலத்தை மறுபடி சந்திப்போம் என்றேன் அல்லவா, இதுதான்.

யூனியன் ஆயிலின் அந்த ஆலை 1980களின் நடுவிலிருந்து 1991 வரை, அரசு தந்த விலை உத்தரவாதத்தோடு ஓடி ஏறத்தாழ 45 லட்சம் பீப்பாய் எடுத்தது. வடிவத் திறனை எட்டவே இல்லை. அதற்கும் முன்பே, 1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை, எக்ஸான் நிறுவனம் பக்கத்திலேயே கட்டிக்கொண்டிருந்த காலனி திட்டத்தைக் கைவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரே நாளில் வேலை போனது. கறுப்பு ஞாயிறு என்று அந்த வட்டாரம் இன்றும் சொல்கிறது. எண்ணெய் விலை இறங்கியதுதான் உடனடிக் காரணம். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். நல்ல கொலராடோ ஷேல் டன்னுக்கு நூறு லிட்டர் தரும். அந்த நூறு லிட்டருக்காக ஒரு டன் கல்லை வெட்டி, உடைத்து, தூக்கி, 500 டிகிரிக்குச் சூடாக்கி, ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோ சக்கையை ஆறவைத்து அப்புறப்படுத்த வேண்டும். உடைத்த கல் இடம் அதிகம் பிடிக்கும். வெட்டிய குழியிலேயே அது முழுவதும் திரும்ப அடங்காது. தூசி அடங்கவும் சாம்பல் ஆறவும் தண்ணீர் வேண்டும். கொலராடோவோ வறண்ட பூமி.

கல்லை வெளியே எடுக்காமல் நிலத்துக்குள்ளேயே சுட்டால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது எண்ணெய் வராமல் தவித்த சுவீடன், குவார்ன்டார்ப் என்னும் இடத்தில் பூமிக்குள் மின்சூடேற்றிகளை இறக்கி, நீர்மின்சாரத்தால் பாறையைச் சுட்டது. லியுங்ஸ்ட்ரோம் முறை என்று பெயர். அங்கே கல்லை வெட்டி எடுத்து உலையிலும் சுட்டார்கள்; அந்தச் சக்கை நூறு மீட்டர் உயர மேடாக நிற்கிறது. உற்பத்தி 1966இல் நின்றபின்னும் அதன் வயிறு இன்னும் சுடுகிறது. ஷெல் நிறுவனம் கொலராடோவில் இதே யோசனையை ஆண்டுக்கணக்காக முயன்று 2013இல் கைகழுவியது.

நம் ஊரில் எண்ணெய் ஷேல் உலை இல்லை. ஆனால் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் இருந்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் பொடியைக் கட்டியாக அழுத்தி, சூடான வாயு செலுத்திக் கரியாக்கும் ஆலை ஒன்றை ஜெர்மனியின் லுர்கி முறையில் 1960களில் அமைத்தார்கள். லெக்கோ என்று விற்றார்களே, அந்தக் கரி. புகையில்லாத அடுப்பெரிபொருள் என்று சென்னை வீடுகளில் எரிந்தது. கூடவே பிரிந்த தாரிலிருந்து கார்பாலிக் அமிலமும் கிரசாலும் எடுத்தார்கள். எரிவாயு உருளை வந்ததும் லெக்கோவைக் கேட்பார் இல்லை.

இன்று நம்மைச் சுற்றி ஓடுவது டயர் உலை. பழைய டயரைக் காற்றில்லாமல் சுட்டு உலை எண்ணெய் எடுக்கும் பைரோலிசிஸ் ஆலைகள் ஊர்ப்புறங்களில் பெருகியிருக்கின்றன. பெரும்பாலானவை தொகுதி முறை. படுக்கைவசமான இரும்பு உருளை. டயரைத் திணி, மூடு, வெளியே தீ போடு, சுழற்று, ஆறவிடு, திற, கரியை அள்ளு. பாத்கேட் காலத்துக் குழாயைச் சுழல வைத்திருக்கிறோம், அவ்வளவே. முழுதாக ஆறும் முன்பே அவசரத்தில் கதவைத் திறந்தால், உள்ளே மிஞ்சிய எரிவாயுவும் தணலாக இருக்கும் கரியும் காற்றைச் சந்திக்கும். விபத்துகள் பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். திரவமாகாத வாயுவை அடுப்புக்குத் திருப்பாமல் புகைபோக்கியில் விடுகிறவர்களும் உண்டு. கரித்தூள் பக்கத்து வயலில் படிகிறது.

டயரைச் சுடவே கூடாது என்று சொல்லமாட்டேன். குவியலாகக் கிடந்து கொசு வளர்ப்பதைவிட, திறந்தவெளியில் எரிவதைவிட, ஒழுங்கான உலையில் போவது மேல். எஸ்தோனியாவில் ஷேலோடு டயர்த் துண்டுகளைக் கலந்தும் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒழுங்கான உலை என்று எதைச் சொல்கிறேன் என்றால்: டயரைத் துண்டாக்கித் தொடர்ச்சியாக ஊட்ட வேண்டும், ஊட்டும் வாயிலும் கழிக்கும் வாயிலும் காற்று நுழையாத இரட்டைக் கதவு வேண்டும், கரியானது மூடிய திருகுக்குழாயில் ஆறியபிறகே வெளியே வர வேண்டும், மிஞ்சும் வாயு உலையிலேயே எரிய வேண்டும். இவற்றில் ஒன்றுகூடப் புதிய கண்டுபிடிப்பு அல்ல. கதவும் திருகும் சேர்ந்தால் ஆலையின் விலை பல மடங்காகும். அதனால்தான் வைக்கமாட்டேன் என்கிறார்கள். உங்கள் ஊரில் ஓர் ஆலைக்கு அனுமதி கேட்டுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், எத்தனை லிட்டர் எண்ணெய் வரும் என்று அவர்களே மூச்சுவிடாமல் சொல்வார்கள். உருளை எத்தனை மணி நேரம் ஆறியபிறகு கதவு திறக்கும், கரி எங்கே போகும் என்று நீங்கள் கேளுங்கள்.